பொது இடங்களிற் புகைத்தல் – ஓர் அறநோக்கு

இம்மலருக்கு ஒரு கட்டுரை தருமாறு மலர்க்குழுவினர் கேட்டபோது, வழமைபோலத் திருவிழாக்களின் தத்துவம் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் சென்ற வருடம் தேர்த்திருவிழாவன்று எமது கோயில் வீதியிற் கண்ட ஒரு காட்சி மனதை விட்டு அகலாது நின்றமையால் இவ்விடயத்தை எழுதத் துணிந்தேன்.

தேர் இருப்பிடத்தை அடைந்து, அடியார்கள் தண்ணீர்ப்பந்தலைச் சூழ்ந்து நின்ற நேரம் அது. சித்திரை வெயில். தேர்முட்டிக்கு அருகே வேப்பமர நிழலில் ஓர் இளந்தாய் கைக்குழந்தையுடன் வந்து நின்றார். அதே நிழலில் எமது ஊர்ப் பெரியவர் ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தார். புகை குழந்தையின் பக்கம் வந்தது. தாய் சற்று விலகி நின்றார். காற்றுத் திரும்பிப் புகை மறுபடியும் வந்தது. அவர் இன்னொரு பக்கம் போனார். மூன்றாம் முறையும் புகை வரவே, சேலைத் தலைப்பினாற் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு நிழலை விட்டு வெயிலிற் போய் நின்றார். அங்கே நின்றவர்கள் பத்துப் பதினைந்து பேர். நானும் அவர்களில் ஒருவன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் கோயிலின் உபயகாரர். எல்லோரும் மதிக்கும் மனிதர். எப்படிச் சொல்வது என்ற தயக்கம்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. முப்பது வருடங்கள் மாணவருக்கு அறம் படிப்பித்த நான், ஒரு குழந்தைக்காக ஒரு வார்த்தை பேசவில்லையே என்ற எண்ணம் உறுத்தியது. அதனால் எழுந்த கேள்வியே இக்கட்டுரை. பொது இடங்களிற் புகைத்தலைத் தடை செய்வது நியாயமா? நியாயமெனில், அந்நியாயம் எதிலிருந்து வருகிறது?

ஐயாவின் சுருட்டு

இக்கேள்விக்கு நான் வெளியே நின்று விடை கூற முடியாது. நான் புகையிலைத் தோட்டக்காரரின் மகன். துலா மிதித்து இறைத்து, கன்று நட்டு, முளை கிள்ளி, முற்றிய இலையை வெட்டி, குடிலிலே பொச்சுமட்டைப் புகை போட்டுப் பதப்படுத்திய குடும்பம் எங்களுடையது. நான் படித்த படிப்பு புகையிலைக் காசிற் படித்த படிப்பே.

ஐயா பெரிய சுருட்டுக்காரர். கோயிலுக்குப் புறப்படும்போதும் சுருட்டை வாயில் வைத்தபடியேதான் படலையைத் திறப்பார். ஆனால் கோபுரம் கண்ணிற் பட்டதும் நிற்பார். ஒழுங்கை முடக்கிலுள்ள கல்லிலே சுருட்டைத் தேய்த்து நூர்த்து, மிச்சத் துண்டை அந்தக் கல்லின் இடுக்கிற் செருகுவார். பின்பு தோளிற் கிடந்த சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு வீதிக்குள் நுழைவார். பூசை முடிந்து திரும்பும்போதுதான் அத்துண்டை எடுத்துப் பற்றவைப்பார். அவருக்கு யாரும் தடைப்பலகை காட்டவில்லை. சுவாமிக்கு முன் அப்படிச் செய்யக் கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

வீட்டிலோ நிலைமை வேறு. பொழுதுபட்டதும் விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிற் சாய்ந்து சுருட்டுப் பற்றுவார். அருகே நிலத்திலிருந்து அம்மா பெட்டி இழைப்பார். நாங்கள் கைவிளக்கைச் சூழ்ந்திருந்து படிப்போம். ஒருநாள் அம்மா, "இந்தப் புகை என்னை முட்டுது" என்றார். ஐயா சிரித்துவிட்டு, "புகையிலைத் தோட்டக்காரன்ரை பெண்சாதிக்குப் புகை முட்டுமோ?" என்றார். அம்மாவும் சிரித்தார். பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை.

1979ஆம் ஆண்டு அம்மா மார்பு நோயாற் படுத்தார். ஊடுகதிர்ப் படத்தைப் பார்த்த வைத்தியர் முதலிற் கேட்ட கேள்வி, "அம்மா, நீங்கள் சுருட்டுப் பத்துறனீங்களோ?" என்பதே. அக்காலத்தில் எமது பகுதி வயோதிபப் பெண்கள் சிலருக்குச் சுருட்டுப் பழக்கம் இருந்தபடியால் அவர் கேட்டது புதுமையல்ல. அம்மா இல்லையென்று தலையசைத்தார். கட்டிலருகே நின்ற ஐயா நிலத்தைப் பார்த்தபடி நின்றார். அந்த வருடக் கடைசியில் அம்மா கண்மூடினார். அம்மாவின் நோய்க்கு ஐயாவின் சுருட்டுத்தான் காரணமென்று நான் கூறமாட்டேன். பனை மட்டையும் ஊமலும் எரித்த அடுப்புப் புகையையும் அவர் வாழ்நாள் முழுவதும் குடித்தவர். எது எவ்வளவு செய்தது என்று பிரித்தறிய ஒருவராலும் முடியாது. ஆனால் அந்தக் கேள்வியும் ஐயா நின்ற நிலையும் என் மனதிற் பதிந்துவிட்டன. சுவாமிக்கு முன் சுருட்டை நூர்த்த ஐயா, அம்மாவுக்கு முன் நூர்க்கவில்லை. இந்த வேறுபாட்டையே நாம் சிந்திக்க வேண்டும்.

அறிவியல் கூறுவது யாது?

அம்மா இறந்து சரியாக ஈராண்டுகூடச் செல்லவில்லை. 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யப்பானிய ஆய்வாளர் தக்கேசி ஹிராயாமா ஓர் ஆய்வை வெளியிட்டார். தாம் புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு வருடங்கள் கவனித்து எழுதப்பட்ட ஆய்வு அது. புகைக்காத கணவரின் மனைவியரோடு ஒப்பிடும்போது, நாளொன்றுக்கு இருபது சிகரட்டும் அதற்கு மேலும் புகைத்த கணவரின் மனைவியர் நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அவ்வாய்வைப் பலர் மறுத்தனர். புகையிலைக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. ஆனால் பின்பு பல நாடுகளிற் செய்யப்பட்ட ஆய்வுகள் அதை உறுதி செய்தன. 2006ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் தலைமை வைத்திய அதிகாரி வெளியிட்ட அறிக்கை, பிறர் விடும் புகையைச் சுவாசிப்பதில் அபாயமற்ற அளவு என ஒன்றில்லை என்று கூறிற்று.

புகையிலைப் புகையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட இரசாயனப் பொருட்கள் உண்டு. அவற்றுள் ஏறக்குறைய எழுபது புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. புகைப்பவர் உள்ளே இழுத்து வெளியே விடும் புகை ஒன்று. விரலிடுக்கிலிருந்து எரியும் நுனியிலிருந்து எழும் புகை மற்றொன்று. பக்கத்திலிருப்பவர் இரண்டையும் சுவாசிக்கிறார். பெரியவர்களுக்கு இருதய நோயும் நுரையீரற் புற்றுநோயும், சிறுவர்களுக்குத் தொய்வு, மார்புச்சளி, காது நோய் முதலியனவும், கருவுற்ற தாய்மாருக்கு நிறை குறைந்த குழந்தையும் இதனால் ஏற்படக் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, புகையிலையால் ஆண்டுதோறும் எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களுள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் ஒருநாளும் புகைத்தறியாதவர்கள். பிறர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள்.

எமது அறநூல்களிற் புகைத்தல் பற்றிய விலக்கு இல்லையே என்று சிலர் கேட்பதுண்டு. இருக்க முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1492ஆம் ஆண்டு கொலம்பஸ் அங்கு சென்ற பின்பே வெளியுலகம் அதை அறிந்தது. திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அவர் காலத்திற் சுருட்டு இருக்கவில்லை. ஆனால் பிறருக்குத் துன்பம் செய்யாதிருத்தலை இன்னாசெய்யாமை என்று தனி அதிகாரமாகவே வகுத்துள்ளார். புதிதாக வந்த பொருளுக்குப் பழைய அறத்தைப் பொருத்திப் பார்ப்பது எமது கடமை.

சட்டம் வந்த வழி

இலங்கை 2003ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை ஏற்று உறுதிப்படுத்தியது. தென்கிழக்கு ஆசியப் பிராந்தியத்தில் முதலில் அவ்வாறு செய்த நாடு இதுவே. அதன் தொடர்ச்சியாக 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் வந்தது. புகையிலை, மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையை அமைத்த சட்டம் அது. அரச அலுவலகங்கள், வங்கிகள், வைத்தியசாலைகள், பாடசாலைகள் போன்ற அடைக்கப்பட்ட பொது இடங்களிற் புகைப்பதை அது தடை செய்தது. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருட்களை விற்பதையும், அவற்றை விளம்பரம் செய்வதையும் விலக்கியது. 2015ஆம் ஆண்டிலே சிகரட் பெட்டியின் எண்பது வீதப் பரப்பில் எச்சரிக்கைப் படங்கள் இடம்பெற வேண்டும் என்ற விதியும் வந்தது.

அயல் நாட்டைப் பார்த்தால், 1999ஆம் ஆண்டு கேரள உயர் நீதிமன்றம் பொது இடங்களிற் புகைத்தல், உயிர்வாழும் உரிமையை மீறுவது எனத் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆம் திகதி, காந்தி பிறந்த தினத்தன்று, இந்தியா முழுவதும் பொது இடங்களிற் புகைத்தல் தடை விதிகள் நடைமுறைக்கு வந்தன. அயர்லாந்து 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் எல்லா வேலைத்தலங்களிலும் தடை விதித்தது. மதுச்சாலைகளும் அதில் அடங்கும். நாடு முழுவதற்கும் இவ்வாறு செய்த முதல் நாடு அதுவே.

முன்பு பஸ்ஸில் ஏறினால் முன் ஆசனத்திலும் பின் ஆசனத்திலும் புகை வந்துகொண்டிருக்கும். வைத்தியசாலை விறாந்தையிற் கூடப் புகைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆகாய விமானத்திலேயே புகைப்பவர்களுக்கென ஆசனங்கள் இருந்தன. இன்று வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் எமது பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் விமானத்திற் புகையாது வருகிறார்கள். தமது சுதந்திரம் பறிபோனதென்று ஒருவரும் அழுவதில்லை. முன்பு முடியாது என்று சொன்னதெல்லாம் பின்பு வழக்கமாகிவிடுகிறது.

மறுத்துக் கூறுவோரின் நியாயங்கள்

மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகக் கேட்க வேண்டும்.

முதலாவது, என் உடம்பு, என் காசு, என் விருப்பம் என்பது. இது இலேசான வாதமன்று. மனிதனுடைய சுதந்திரம் பெரிது. ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்ருவார்ட் மில், 1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய தமது நூலில், ஒருவனுடைய நன்மைக்காகவேனும் அவனை வற்புறுத்தச் சமூகத்திற்கு உரிமை இல்லை என்று வாதிட்டார். ஆனால் பிறருக்குத் தீங்கு நேருமிடத்தில் தடுக்கலாம் என்பதும் அவர் கூறியதே. ஒருவர் தமது தோட்டத்து மூலையிலே தனித்திருந்து புகைத்தால், அது அவரும் அவரது உடம்பும் சம்பந்தப்பட்ட விடயம். அன்பினால் நாம் புத்தி சொல்லலாம், தடுக்க முடியாது. வேப்பமர நிழலில் நின்று புகைத்தால் அது குழந்தையும் சம்பந்தப்பட்ட விடயமாகிவிடுகிறது. குழந்தை சம்மதம் கொடுக்கவில்லை. கொடுக்கவும் தெரியாது. மூச்சை நிறுத்தி வைக்கவும் அதனால் இயலாது.

இரண்டாவது, விரும்பாதவர் விலகிப் போகலாமே என்பது. விலக முடிந்தவருக்கு அது சரி. தேநீர்க் கடையில் வேலை செய்யும் பையன் எங்கே விலகுவான்? பஸ்ஸில் நெருக்குண்டு நிற்கும் கர்ப்பிணி எங்கே போவார்? அந்தத் தாய் விலகித்தான் போனார். நிழலைப் புகைக்கு விட்டுவிட்டு வெயிலுக்குப் போனார். தீங்கு செய்பவர் நிழலில் இருக்க, தீங்கு வேண்டாதவர் வெயிலுக்குப் போவது எந்த நியாயத்தில் அடங்கும்?

மூன்றாவது, திறந்த வெளியிலே புகை கலைந்துவிடும், அங்கேயும் தடை எதற்கு என்பது. இதில் உண்மை உண்டு. அடைத்த அறையில் உள்ள ஆபத்து வயல்வெளியில் இல்லை. ஆளரவமற்ற தெருவில் நின்று புகைப்பவரையும் வைத்தியசாலை அறையிற் புகைப்பவரையும் ஒன்றாக எண்ணுதல் நீதியாகாது. ஆனால் திருவிழாக் கூட்டம் திறந்த வெளியாயினும் தோளோடு தோள் உரசும் கூட்டம். சிறுவரும், தொய்வுக்காரரும், வயோதிபரும் நிற்கும் இடம். எனவே இடத்துக்குக் கூரை உண்டா இல்லையா என்பதை மட்டும் பார்த்தல் போதாது. பக்கத்திலே இன்னொருவர் மூச்சு விடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

நான்காவது, எனது மாணவர் ஒருவரே கேட்டது. "சேர், கோயிலிலை சாம்பிராணியும் கற்பூரமும் எரிக்கிறம். அதுவும் புகைதானே?" என்றார். கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. காற்றோட்டமில்லாத இடத்தில் எந்தப் புகையும் நல்லதன்று. அடைத்த மண்டபத்தில் அளவுக்கு மிஞ்சிச் சாம்பிராணி போட்டால் தொய்வுக்காரருக்கு முட்டத்தான் செய்யும். கதவு யன்னலைத் திறந்து அளவோடு செய்வதே முறை. வீட்டு அடுப்புக்கும் புகைபோக்கி வேண்டும். என் அம்மாவை நினைத்துத்தான் இதையும் எழுதுகிறேன். ஆனால் ஒரு புகையிலே குறையிருப்பது மற்றொரு புகைக்கு அனுமதியாகாது. இரண்டையும் திருத்த வேண்டும் என்பதே அதிலிருந்து பெறப்படும் முடிவு.

ஐந்தாவது, பழக்கத்துக்கு அடிமைப்பட்டவர் என்ன செய்வார் என்பது. இதையே நான் மிகுந்த கவலையோடு எண்ணிப் பார்க்கிறேன். நிக்கொற்றின் ஒருவரை எளிதில் விடாது. இழுத்த சில விநாடிகளில் மூளையை அடைந்து, மீண்டும் மீண்டும் கேட்க வைக்கும் பொருள் அது. புகைப்பவர் கெட்டவரல்லர், பலர் விட நினைத்தும் விட முடியாது தவிப்பவர்கள். ஆகையால் தடை வேண்டும். ஆனால் இகழ்ச்சி கூடாது. "கோயில் வீதியில் வேண்டாம்" என்று சொல்லலாம். "நீ கோயிலுக்கு வராதே" என்று சொல்லும் அதிகாரம் எவருக்கும் இல்லை.

முழுத்தடைக்கும் இடத்தடைக்கும் உள்ள வேறுபாடு

அப்படியாயின் புகையிலையையே முற்றாக ஒழித்துவிடலாமே என்று கேட்பவர்களும் உண்டு. பூட்டான் நாடு 2004ஆம் ஆண்டு புகையிலை விற்பனையை முற்றாகத் தடை செய்தது. பழக்கம் போகவில்லை, கள்ளக் கடத்தல் வளர்ந்தது. 2010இல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அதன்படி மெல்லும் புகையிலைப் பொதிகள் வைத்திருந்த இளம் பௌத்த துறவி ஒருவருக்கு 2011ஆம் ஆண்டில் மூன்று வருடச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மக்கள் மனம் கலங்கினர். பின்னர் சட்டம் தளர்ந்தது. 2020இல் கொரோனாக் காலத்தில், கடத்தற்காரர் மூலம் நோய் பரவுமென்ற அச்சத்தில் விற்பனைக்கு வழிவிட்டு, 2021இல் சட்டத்தையே மாற்றினார்கள்.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, மனிதனை முழுவதும் கட்டிப்போட முனையும் சட்டம் இலகுவிற் கொடுமையாகும் என்பதே. பொது இடத் தடை அத்தகையதன்று. அது புகைக்காதே என்று கூறவில்லை. இவருடைய மூச்சினுள்ளே புகைக்காதே என்றுதான் கூறுகிறது. அதன் நோக்கம் புகைப்பவரைத் தண்டிப்பதன்று, அருகிலிருப்பவரைக் காப்பது. இந்த எல்லையை மறவாதிருக்கும்வரை அத்தடை நியாயமானதே என்பது எனது முடிவு.

புகையிலைக் காசு

எமது பகுதி மக்களிடத்தில் இவ்விடயத்தைப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்க முடியாது. ஒல்லாந்தர் காலத்திலேயே யாழ்ப்பாணப் புகையிலை திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது. பின்னர் எமது சுருட்டு தென்னிலங்கை எங்கும் விலைப்பட்டது. அங்குள்ள பட்டினங்களிலே சுருட்டுக்கடை வைத்துப் பிழைத்த எம்மவர் எத்தனையோ பேர். அந்தக் காசில் வீடு எழுந்தது, பிள்ளைகள் படித்தார்கள், கோயில்களுக்கு மதிலும் மண்டபமும் எழுந்தன. ஐயாவும் நல்ல விலை கிடைத்த வருடங்களிலே திருவிழாவுக்கு உபயம் செய்தவர்.

அந்த உழைப்பைப் பழிக்க நான் வரவில்லை. அதிகாலையில் துலா மிதித்தவர்களின் வியர்வை உண்மையான வியர்வை. அக்காலத்தில் இதன் தீங்கு அவர்களுக்குத் தெரியாது. ஆனால் தெரிந்த பின்பும் தெரியாதவர்போல் இருப்பது வேறு விடயம். உண்ட சோற்றுக்கு நன்றி வேண்டும்; அந்நன்றிக்காக அடுத்தவர் பிள்ளையின் மூச்சைக் கொடுக்க முடியாது. புகையிலை செய்யும் குடும்பங்களை ஒரேநாளிற் கைவிடச் சொல்வதும் அறமன்று. வெங்காயம், உருளைக்கிழங்கு, கரட், பீற்றூட், திராட்சை என்று எமது செம்மண்ணில் விளையும் பயிர்கள் பல. ஆனால் அவற்றின் விலை விழும்போது விவசாயியைத் தாங்க யாருமில்லை என்பதாலேயே பலர் புகையிலையை விடாதிருக்கிறார்கள். மாற்றுப் பயிருக்கு நிலையான விலையும் சந்தையும் தேடிக் கொடுப்பது அரசினதும், கூட்டுறவுச் சங்கங்களினதும், எம் எல்லோரினதும் பொறுப்பு.

சட்டம் படலையோடு நிற்கும்

இப்பொழுது நான் தொடங்கிய இடத்துக்கே வருகிறேன். சட்டம் அலுவலகத்தைக் காக்கும்; வைத்தியசாலையைக் காக்கும்; படலையோடு நின்றுவிடும். வீட்டுக்குள்ளே எந்தப் பொலிசும் வராது, வரவும் கூடாது. ஆனால் என் அம்மா புகையைக் குடித்தது பஸ்ஸிலும் அல்ல, கோயில் வீதியிலும் அல்ல. தமது சொந்த விறாந்தையில். வெளியே புகைக்க இடமில்லாமல் ஒருவர் வீட்டுக்குள் வந்து, பிள்ளைகள் படிக்கும் மேசையருகே புகைத்தாரானால், சட்டம் காத்ததை நாம் வீட்டிலே தோற்றுவிட்டோம்.

சட்டம் நின்ற இடத்திலிருந்து அறம் நடக்க வேண்டும். காற்று ஐம்பூதங்களில் ஒன்று. அதை இறைவனின் வடிவமாகவே நாம் போற்றுகிறோம். திருக்காளத்தியை வாயுத்தலம் என்று வணங்குகிறோம். மனித உடம்பை இறைவன் உறையும் ஆலயமாகக் கண்டார் திருமூலர். அப்படியானால், கோபுரத்தைக் கண்டதும் சுருட்டை நூர்த்த ஐயாவின் பண்பு, விறாந்தையில் இருந்த அம்மாவைக் கண்டபோதும் வந்திருக்க வேண்டும். சுவாமிக்குக் கொடுத்த மரியாதையை வீட்டிலுள்ள சீவனுக்கும் கொடுப்பதுதான் இவ்விடயத்தின் முழு அறமும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐயாவைக் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை. அம்மா போனபின் அவர் விறாந்தையிற் சுருட்டுப் பற்றவில்லை. கிணற்றடிக்கு அப்பாலே போய்த்தான் பற்றுவார். அது அவர் சொல்லாமற் சொன்ன வருத்தம். ஆனால் அப்போது விறாந்தையில் அம்மா இல்லை.

நாம் செய்யக்கூடியவை

எமது கோயிலைப் பொறுத்தவரை சில சிறிய காரியங்களைச் செய்யலாம். உள்வீதி, வெளிவீதி, தேர்முட்டி, அன்னதான மடம், தண்ணீர்ப்பந்தல் ஆகிய இடங்களிற் புகைத்தல் வேண்டாமென்று பரிபாலன சபையும் ஊரவரும் கூடித் தீர்மானிக்கலாம். திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியிலே மரியாதையான சொற்களால் நினைவூட்டலாம். விட முடியாத பெரியவர்களுக்கு வீதிக்கு அப்பால், சனம் கூடாத ஓரிடத்தை ஒதுக்கிக் கொடுக்கலாம். கடைப் பந்தல்களிலே திருவிழா நாட்களிற் சிகரட் விற்காதிருக்கக் கடைக்காரரைக் கேட்கலாம். சிறுவரை அனுப்பிச் சுருட்டோ சிகரட்டோ வாங்குவிக்கும் வழக்கத்தை ஒவ்வொரு வீட்டிலும் நிறுத்தலாம்.

விட விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. காலம் கடந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். விட்ட இருபது நிமிடங்களிலேயே நாடித்துடிப்பு இறங்கத் தொடங்குகிறது. ஒரு வருடத்திலே, தொடர்ந்து புகைப்பவருக்குள்ள இருதய நோய் அபாயத்தில் ஏறத்தாழப் பாதி குறைந்துவிடுகிறது. பத்து வருடங்களிலே நுரையீரற் புற்றுநோயால் இறக்கும் அபாயமும் ஏறக்குறையப் பாதியாகிறது. ஒருமுறை விட்டு மறுபடியும் தொடங்கினால் வெட்கப்பட வேண்டியதில்லை, மறுபடியும் விடலாம். வைத்தியரிடம் கேட்டால் உதவி செய்வார்.

முடிவாக, அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லாது விட்டால் இக்கட்டுரை நிறைவு பெறாது. தேர்த்திருவிழா முடிந்து ஒரு கிழமை கழித்து, தயங்கித் தயங்கி அவர் வீட்டுக்குப் போனேன். "அண்ணை, ஒரு விசயம் சொன்னால் குறை நினைக்கக் கூடாது" என்று தொடங்கி, தேரன்று கண்டதைச் சொன்னேன். அவர் சிறிதுநேரம் பேசவில்லை. பின்பு, "பிள்ளைத்தாய்ச்சி வெயிலுக்கை போனதை நான் காணேல்லைத் தம்பி. நீங்கள் அவ்வளவு பேரும் நிண்டனீங்கள். ஆராவது ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்த இடத்திலையே நூத்துப்போட்டிருப்பனே. ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. இதை மலரில் எழுதலாமா என்று கேட்டபோது, "பேரைப் போடாமல் எழுது" என்று சிரித்தபடி அனுமதியும் தந்தார்.

அவர் மீது நாம் வைத்த மரியாதை எங்கள் வாயை அடைத்தது என்று எண்ணியிருந்தோம். உண்மையில் அவரை நாம் சரியாக மதிக்கவில்லை. சொன்னாற் கேட்பார் என்று நம்பியிருந்தால், அதுவல்லவா மரியாதை? சட்டம் எழுதப்பட்டுவிட்டது. இனி எமக்கு வேண்டியது, அன்போடு ஒரு சொல் சொல்லும் துணிவும், அதைக் கோபமின்றி ஏற்கும் பெருந்தன்மையும். இவ்வருடத் திருவிழாவில் அந்த வேப்பமர நிழல், குழந்தையோடு வரும் எந்தத் தாய்க்கும் உரிய நிழலாக இருக்க எல்லோரும் ஒத்துழைப்போமாக. அதற்கு எல்லாம் வல்ல எம்பெருமான் அருள் புரிவாராக.

சுபம்.